எழுபத்திரண்டாவது கட்டத்துக்கு அப்பால்

சேசு மரி சூசை துணை

குருநகர்,
16.01.1979

அன்புள்ள மகாதேவி,

உமது கடிதம் பொங்கலுக்கு முதல்நாள் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிற என்னைக் கூப்பிட்டு, கொம்பியூட்டருக்குக் கணிதப் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கென்று ஒரு வட்டம் தொடங்குவோமா என்று கேட்கிறீர். கம்பஸை விட்டுப் பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு இப்படி ஒரு வேலையைத் தருகிறீர் என்றால், அது என்மேல் உள்ள மதிப்பா, வேறு ஆள் அகப்படாததா என்று யோசித்தேன். இரண்டாவது என்றே வைத்துக்கொள்கிறேன். எப்படியென்றாலும் ஓம்.

நீர் சொல்வது நியாயம்தான். ஒருங்கமை சமன்பாடு தீர்க்கிற அதே புரோகிராமை ஒவ்வொரு அரசாங்கக் கந்தோரிலும் ஒவ்வொருவர் புதிதாக எழுதி, ஒவ்வொருவரும் புதிதாகப் பிழை விடுகிறார்கள். ஒருவர் எழுதியதை றோணியோவில் பிரதி எடுத்து மற்றவர்களுக்கு அனுப்பினால் பாதி ஆயுள் மிச்சம்.

இதில் எனக்குச் சுயநலமும் உண்டு. ஒரு வருடமாக நான் இங்கிருந்து தாளில் எழுதி அனுப்புகிறேன், நீர் அங்கே அட்டையில் துளைத்து ஓடவிட்டு விடையை அனுப்புகிறீர். கொம்பியூட்டரை நான் ஒரேயொரு தரம், கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். வாசிக்கப் பத்துப் பேர் இல்லாவிட்டால் என்னைப் போன்றவன் எழுதுவதில் ஒரு பலனும் இல்லை.

படகு கட்டுகிற என் அண்ணை அடைக்கலநாதனை உமக்குத் தெரியும்தானே. விஷயத்தைச் சொன்னேன்.

"உங்கடை வட்டத்திலை எத்தினை பேர்?" என்று கேட்டார்.

"இப்போதைக்கு ரெண்டு பேர்."

"அப்ப அது வட்டமில்லை. கோடு."

ஆள் சேரும்.

கனிசியஸ்

*

வெள்ளவத்தை,
03.02.1979

கனிசியஸ்,

கோடு இப்போது ஒன்பது பேர். நீரும் நானும் சேர்த்துத்தான். இரண்டு விரிவுரையாளர்கள், ஒரு நீர்ப்பாசன எஞ்சினியர், அனுராதபுரத்தில் ஏரம்பு என்று ஒரு நில அளவையாளர், மற்றவர்கள் கந்தோர்க்காரர். பெயர்ப் பட்டியல் இத்துடன் வருகிறது.

மெஷின் நேரம் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமைகளில், எங்கள் கூட்டுத்தாபனத்துச் சம்பளப் பட்டியல் ஓடி முடிந்த பிறகு ஒரு மணித்தியாலம். பகுதித் தலைவருக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. எழுபத்தேழுக் கலவரத்தில் அகதிக் கப்பலில் ஊருக்குப் போய், திரும்பவும் கொழும்புக்கு வந்து பிடித்த வேலை இது. உரும்பிராயில் அம்மாவும் தங்கை பத்மாசினியும் என்னை நம்பித்தான் இருக்கிறார்கள். ஆகவே நாம் அனுப்பப்போகிற சுற்றறிக்கையில் என் பெயரோ வேலைத்தலமோ வரக்கூடாது.

ஒரு விதி மட்டும் வைப்போம். எந்தப் புரோகிராமையும் அனுப்புவதற்கு முன் இரண்டு கணக்குகளைக் கையால் செய்து பார்க்க வேண்டும். மெஷினின் விடையைப் பார்க்காமல் செய்ய வேண்டும். செய்தபிறகுதான் "கையால் சரிபார்த்தது" என்று போடலாம். எனக்கு நேரமில்லை. கைக்கணக்கு உம்முடைய பொறுப்பு.

நான் களைத்துப்போய் எழுதுகிறேன். கோபம் என்று நினைக்க வேண்டாம்.

மகாதேவி

*

குருநகர்,
25.03.1979

அன்புள்ள மகாதேவி,

முதல் புரோகிராம் இத்துடன் வருகிறது. புரோகிராம் எழுத நீர் அனுப்பிய கோடிங் தாள் முடிந்துவிட்டது. யாழ்ப்பாணப் பட்டினத்தில் அப்படி ஒரு சாமான் இருப்பதையே கடைக்காரர் நம்பவில்லை. சதுர றூள் கொப்பியின் ஒற்றைத் தாள்களைப் பசை போட்டு ஒட்டி, அட்டையில் உள்ளபடி எண்பது கட்டம் எண்ணி எழுதியிருக்கிறேன். பார்க்க அசிங்கமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளும்.

விஷயம் அண்ணையிடமிருந்து வந்தது. இத்தனை காலமும் அவர் கண்ணால் பார்த்துத்தான் வள்ளம் கட்டினார். இப்போது எல்லாரும் எஞ்சின் பூட்டக் கேட்கிறார்கள். எஞ்சின் பூட்ட வேண்டுமென்றால் படகின் பின்பக்கத்தைக் கூராக விடாமல் பலகை வைத்துத் தட்டையாக அடிக்க வேண்டும். அப்படி ஒன்றை அவர் கட்டியதில்லை. பாஷையூர் சிமியோன் அம்மான் ஒன்று கேட்டிருக்கிறார். ஐஸ் பெட்டியை எங்கே வைத்தால் படகு நேராக நிற்கும் என்று அண்ணைக்குத் தெரிய வேண்டும்.

படகை அணியத்திலிருந்து, அதாவது மூக்கிலிருந்து, பின்பக்கம் வரை பதினொரு இடத்தில் வெட்டியதாக வைத்து, ஒவ்வொரு வெட்டின் பரப்பையும் கொடுத்தால், சிம்சன் விதிப்படி மிதப்பின் நடு எங்கே என்று புரோகிராம் சொல்லும். பாரத்தின் நடுவும் அதற்கு நேரே விழுந்தால் படகு சரியாது. ஆற்றுக்கட்டு மண் வேலைக்கும் இதையே பாவிக்கலாம்.

முதல் சோதனை அண்ணையின் பழைய வள்ளம், இரண்டு பக்கமும் கூரானது. நாலு இலக்க மடக்கை அட்டவணையை வைத்துக்கொண்டு மூன்று பின்னேரம் மாரடித்தேன். விடை அணியத்திலிருந்து 11.92 அடி. இரண்டாவது, சிமியோன் அம்மானின் புதுப் படகு. அளவுகளை மட்டும் அனுப்புகிறேன். கையால் செய்ய இன்னும் தொடங்கவில்லை. நூற்று நாற்பது பரீட்சைத் தாள் மேசையில் கிடக்கிறது.

கனிசியஸ்

*

வெள்ளவத்தை,
08.04.1979

கனிசியஸ்,

ஓடியது. உமது வள்ளத்துக்கு மெஷின் தரும் விடை 11.91874. நீர் 11.92 என்றீர். நாலு இலக்கத்துக்கு அதற்கு மேல் யாரும் கேட்க முடியாது.

அச்சான தாளை முழுசாகவே அனுப்புகிறேன். இரண்டாவது படகின் விடையும் அதில் இருக்கிறது. வெட்டி எடுத்திருக்க வேண்டும், நேரம் கிடைக்கவில்லை. அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் மடித்து வையும்.

ஸ்டென்சில் வெட்டிவிட்டேன், "கையால் சரிபார்த்தது" என்ற வரிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன். உமது இரண்டாவது கைக்கணக்கு வந்தால் அடுத்த நாளே தபாலில் போடலாம். இரண்டு பேர் எப்போது எப்போது என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். இப்போது அனுப்பாவிட்டால் இந்த வட்டம் கடிதத்தோடேயே முடிந்துவிடும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

மகாதேவி

*

குருநகர்,
22.04.1979

அன்புள்ள மகாதேவி,

இரண்டாவதும் செய்தாயிற்று. 13.08416 அடி. பொருந்துகிறது. அனுப்பலாம்.

கோவிலில் பெரிய கிழமையும் பாஸ்காத் திருநாளும் நல்லபடி முடிந்தன.

கனிசியஸ்

*

வெள்ளவத்தை,
10.06.1979

கனிசியஸ்,

முதலாம் சுற்றறிக்கை எல்லாருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஏரம்பு மறுமொழி போட்டிருக்கிறார். ஒரு குளக்கட்டின் மண் அளவுக்கு உமது புரோகிராமைப் பாவிக்கப் போகிறாராம். "கையால் சரிபார்த்தது என்று போட்டிருக்கிறீர்கள், அதனால் நிம்மதி" என்று எழுதியிருக்கிறார்.

விரிவுரையாளர் ஒருவர் தன்னுடைய புரோகிராம் ஒன்றை அனுப்பிவைத்தார். நானும் நீரும் கேட்காமலே வந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டு அதை வாசித்தேன். சந்தோஷமாக இருந்தது. எழுதி வைப்போம் என்று தோன்றியது, அடிக்கடி வருகிற சாமான் இல்லையே.

மகாதேவி

*

குருநகர்,
16.09.1979

மகாதேவி,

நேற்றுச் சிமியோன் அம்மானின் படகை ஜெற்றியில் இறக்கினோம். பங்குச் சுவாமி வந்து ஆசீர்வதித்தார். லூர்த்தம்மா, அதுதான் அம்மானின் மனைவி, எல்லாருக்கும் கற்கண்டு கொடுத்தா. படகு தண்ணீரில் இறங்கியதும் அணியம் தாழ்ந்து நின்றது. மூன்று அங்குலம். கரையில் நின்ற எல்லாருக்கும் தெரிந்தது.

"என்ன அடைக்கலம், உது மூக்கைக் குத்திக்கொண்டு நிக்குது?" என்று அம்மான் கேட்டார். அண்ணை தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அம்மானே சொன்னார்: "உப்பிடிப் படகிலை நான் காத்துக் காலத்திலை போகமாட்டன். நீயே வைச்சிரு."

வீட்டுக்கு வந்த பிறகு அண்ணை என்னிடம் சொன்னார். "உன்ரை தாளைப் பாத்துத்தான் ஐஸ் பெட்டியை அங்கை வைச்சனான். முப்பது வரிசம் கண்ணாலை பாத்து வைச்சதிலை ஒண்டும் இப்பிடி நிண்டதில்லை."

அண்ணையின் பெயர் குருநகர், பாஷையூர் என்று இரண்டு கரையூரிலும் கெட்டுப்போயிற்று. உங்கள் மெஷினில் ஏதோ கோளாறு. சிம்சன் விதியில் பிழை இருக்க முடியாது. தயவுசெய்து பாரும்.

கனிசியஸ்

*

வெள்ளவத்தை,
24.09.1979

கனிசியஸ்,

சனிக்கிழமை முழுக்க இருந்து பார்த்தேன். மெஷினில் கோளாறு இல்லை.

அட்டையில் எண்பது கட்டம் இருக்கிறது. ஆனால் மெஷின் எழுபத்திரண்டு கட்டம் வரைதான் வாசிக்கும். மிச்சம் எட்டும் அட்டைக்கு இலக்கம் போடுவதற்கு. கோடிங் தாளில் அந்த இடத்தில் தடித்த கோடு இருக்கும். கொப்பி ஒற்றையில் கோடு இல்லை. நீர் கூட்டல் வரியை எழுபத்தெட்டு வரை இழுத்திருக்கிறீர். நான் எழுதியபடியே துளைத்திருக்கிறேன். பத்தாவது வெட்டு எழுபத்திரண்டில் முடிகிறது. பதினோராவது வெட்டை மெஷின் காணவே இல்லை. கொடுமை என்னவென்றால் அச்சடிக்கும்போது எண்பதையும் அடிக்கிறது. அதனால் பார்க்கிற கண்ணுக்கு எல்லாம் சரியாக இருந்தது.

உமது பழைய வள்ளத்துக்குப் பின்பக்கம் கூர். பதினோராவது வெட்டின் பரப்பு பூச்சியம். விட்டாலும் விடை மாறாது. புதுப் படகுக்குப் பின்பக்கம் தட்டை. அங்கே தண்ணீர் தாங்குவது கணக்கில் சேராமல் போக, மிதப்பின் நடு உள்ளதைவிட முன்னுக்கு இருப்பதாகக் காட்டிவிட்டது. அதை நம்பி உமது அண்ணை பாரத்தை முன்னுக்கு வைத்தார். ஐஸ் பெட்டியை இரண்டு அடி பின்னுக்குத் தள்ளச் சொல்லும்.

ஒன்பது பேரிடமும் இந்தப் பிழை இருக்கிறது. ஏரம்பு குளக்கட்டுக்குப் பாவிக்கிறார். திருத்தம் அனுப்ப வேண்டும்.

இரண்டாவது கைக்கணக்கு எப்படிப் பொருந்தியது என்றும் ஒரு தரம் யோசித்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

மகாதேவி

*

குருநகர்,
01.10.1979

அன்புள்ள மகாதேவி,

பெட்டியைத் தள்ளிப் பார்க்கிறோம். நன்றி.

திருத்தம் பற்றி. கொஞ்சம் பொறுத்தால் என்ன? முதல் சுற்றறிக்கையிலேயே பிழை என்று சொன்னால் யார் அடுத்ததைத் திறந்து பார்ப்பார்கள்? திருத்திய வரியோடு புதிதாக ஒரு தாள் அடித்து, "மேம்படுத்தியது" என்று அனுப்பினால் காரியம் முடிந்துவிடும். ஏரம்புவுக்கு மட்டும் தனியாக ஒரு வரி எழுதலாம்.

உமக்கும் அதுதான் நல்லது. திருத்தம் என்று போனால் யார் சரிபார்த்தது, எந்த மெஷினில் ஓடியது என்று கேள்வி வரும். உமது வேலையை நினைத்துத்தான் சொல்கிறேன்.

கனிசியஸ்

*

வெள்ளவத்தை,
15.10.1979

கனிசியஸ்,

இரண்டாம் சுற்றறிக்கை போன திங்கட்கிழமை போய்விட்டது. உமது பிரதி இத்துடன். கடைசிப் பந்தி இப்படி:

"கையால் சரிபார்த்தது என்று எழுதியது தவறு. சரிபார்ப்பு முறையாக நடக்கவில்லை. அதற்கான பொறுப்பு என்னுடையது. இதற்கு முன் இந்தப் புரோகிராமால் பெற்ற விடை எதையும் நம்ப வேண்டாம். மகாதேவி செல்லையா."

பெயர் போடாமல் அனுப்பப் பார்த்தேன். பெயரில்லாத மன்னிப்பு யாருக்கு வேண்டும் என்று போட்டுவிட்டேன்.

ஏரம்பு பதறிப்போய், கட்டின் மண் அளவைத் திரும்பக் கணக்கிட்டுத் தர முடியுமா என்று கேட்டு, அவசரத்தில் என் வீட்டு விலாசம் கைக்கு அகப்படாமல் நான் வேலை செய்கிற கூட்டுத்தாபனத்துக்கே கடிதம் போட்டுவிட்டார். அது பகுதித் தலைவரின் மேசைக்குப் போனது. நல்ல மனிதர், சத்தம் போடவில்லை. "மிஸ் செல்லையா, நான் கேட்காமல் இருந்தது உங்களுக்காக" என்று மட்டும் சொன்னார். இன்றிலிருந்து நான் பைல் அடுக்குகிற கோவைப் பகுதியில் இருக்கிறேன். சம்பளம் அதேதான். கொம்பியூட்டர் அறைக்குள் போகக்கூடாது.

அம்மாவுக்குச் சொல்லவில்லை. நீரும் உரும்பிராய்ப் பக்கம் போனால் வாயைத் திறக்க வேண்டாம்.

மகாதேவி

*

குருநகர்,
28.10.1979

மகாதேவி,

இந்தக் கடிதத்தை ஏழெட்டுத் தரம் தொடங்கிக் கிழித்தேன்.

இரண்டாவது கணக்கை நான் செய்யவில்லை. தொடங்கினேன். ஒன்பதாவது வெட்டு வரை பெருக்கிக்கொண்டு போனேன். அங்கே பார்த்தால் மூன்றாவதில் ஒரு மடக்கையைப் பக்கம் மாறி எடுத்திருக்கிறேன். திரும்ப முதலிலிருந்து. உமது தாள் மடித்தபடி பக்கத்தில் கிடந்தது. விரித்தேன். அதிலிருந்த இலக்கத்தை எழுதி அனுப்பினேன். முதலாவது பொருந்தியது, இரண்டாவதும் பொருந்தத்தானே போகிறது என்று நினைத்தேன்.

பெரிய காரணம் ஒன்றும் இல்லை. களைப்பாக இருந்தது. அவ்வளவுதான்.

அதைச் செய்திருந்தால் பிழை அன்றே பிடிபட்டிருக்கும். விதி வைத்ததே அதற்குத்தானே. அண்ணை ஜெற்றியில் தலை குனிந்து நின்றதற்கு நான் காரணம். அதை வைத்துக்கொண்டு உமது மெஷினைப் பழி சொன்னேன். பிறகு உமது வேலையை நினைத்துச் சொல்கிறேன் என்று எழுதினேன். நினைத்தது என்னைத்தான். இப்போது நீர் உமது பெயரைப் போட்டு, என்னுடைய பொய்க்காகக் கோவை அடுக்குகிறீர்.

வெட்கமாக இருக்கிறது. உமது பகுதித் தலைவருக்கு நானே எழுதுகிறேன். விலாசம் தாரும்.

கனிசியஸ்

*

வெள்ளவத்தை,
06.11.1979

கனிசியஸ்,

பகுதித் தலைவருக்கு எழுத வேண்டாம். அவர் கேட்பது மெஷின் நேரத்தை யார் எடுத்தது என்று. அது நான்தான்.

மற்றது, உமது கடிதத்தில் எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. 13.08416 என்று எழுதினீர். உமது மடக்கை அட்டவணைக்கு நாலு இலக்கத்துக்கு மேல் தெரியாது. முதல் வள்ளத்துக்கு 11.92 என்று எழுதிய மனிதர், இரண்டாவதுக்கு ஏழு இலக்கத்தை எங்கிருந்து எடுப்பார்? ஏப்ரலில் உமது கடிதத்தைப் பிரித்து, அந்த ஒரு வரியைப் பார்த்த உடனே தெரிந்தது.

தெரிந்துகொண்டுதான் ஸ்டென்சிலில் "கையால் சரிபார்த்தது" என்று அடித்தேன். திருப்பி அனுப்பினால் இன்னும் ஒரு மாதம் போகும். ஆட்கள் கழன்றுவிடுவார்கள். எனக்கு இந்த வட்டம் தொடங்க வேண்டும் போல இருந்தது, கனிசியஸ். ஏழு மணிக்குப் போய் ஐந்து மணிக்கு வருகிற வாழ்க்கையில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். நீர் ஒரு பொய்யை எழுதினீர், நான் அதை ஒன்பது பிரதி எடுத்தேன். சுற்றறிக்கையில் பொறுப்பு என்னுடையது என்று எழுதியது உம்மைக் காப்பாற்ற அல்ல. பாதி உண்மை அது.

மிச்சப் பாதியை மூன்றாம் சுற்றறிக்கையில் நீர் எழுதும். இரண்டு பேரின் பெயரும் போடும். இரண்டு ஸ்டென்சில் இத்துடன் வருகிறது, என்னிடம் இருந்த கடைசி இரண்டு. மூன்று பேர் வட்டத்தை விட்டுப் போய்விட்டார்கள். முன்பு புரோகிராம் அனுப்பிய விரிவுரையாளர் தன் கம்பஸ் மெஷினில் ஓடவிட்டுத் தருகிறேன் என்கிறார். ஏரம்பு மன்னிப்புக் கேட்டு நாலு பக்கம் எழுதியிருக்கிறார். இனிமேல் கைக்கணக்கைத் தானும் ஒருமுறை செய்வாராம்.

அதற்கு முதல் அந்த இரண்டாவது படகின் கணக்கைச் செய்து முடியும். ஆறுதலாகச் செய்யும். நான் அவசரப்படுத்தமாட்டேன்.

மகாதேவி

*

குருநகர்,
25.11.1979

அன்புள்ள மகாதேவி,

அண்ணையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சீவிக்கொண்டிருந்த பலகையை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார். "களைச்சுப்போனன் எண்டு சொல்லியிருந்தால் நான் கண்ணாலை பாத்து வைச்சிருப்பன்தானே" என்றார். பிறகு சீவத் தொடங்கிவிட்டார். என்னை அடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

ஐஸ் பெட்டி இரண்டு அடி பின்னுக்குப் போயிற்று. படகு இப்போது நேராக நிற்கிறது. சிமியோன் அம்மான் எடுத்துக்கொண்டார். அவர் என்னோடு இன்னும் கதைக்கவில்லை.

மூன்றாம் சுற்றறிக்கையை அடித்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன், ஒரு பக்கம்கூட வரவில்லை. நாளைக்குத் தபாலில் போடுவேன். விதியில் ஒன்று சேர்த்திருக்கிறேன்: சோதனைக் கணக்கில் எந்த இடத்திலும் பூச்சியம் வரக்கூடாது.

இரண்டாவது படகின் கணக்கைக் கையால் செய்தேன். ஐந்து பின்னேரம் பிடித்தது. இரண்டு தரம் பிழைத்து, இரண்டு தரமும் முதலிலிருந்து தொடங்கினேன். விடை 13.24 அடி.

அதற்கு அடுத்த இலக்கம் எனக்குத் தெரியாது.

கனிசியஸ்